சமையல் மேடைக்கு எந்தக் கல்? கெட்டால் என்ன செய்யலாம் என்று பார்த்து வாங்குங்கள்

உங்கள் கேள்வி இது: புதிதாகச் சமையலறை அமைக்கிறீர்கள். மேடைக்கு வெள்ளை மார்பிள் போட ஆசை. வீட்டில் உள்ளவர்கள் கிரானைட்தான் உழைக்கும் என்கிறார்கள். கடைக்காரரோ குவார்ட்ஸைக் காட்டி, "இதுக்குப் பராமரிப்பே வேண்டாம்" என்கிறார். மூன்றில் எதைப் போடுவது, இவை தவிர வேறு ஏதாவது உண்டா?

கடையில் இருக்கும் எல்லாப் பலகையும் புதுசு. புதுசாக இருக்கும்போது அழகில்லாத மேடை என்று ஒன்று கிடையாது. அதனால் "எது நல்லது" என்ற கேள்வியோடு கடைக்குப் போனால் குழப்பம்தான் மிஞ்சும். ஒவ்வொரு பலகையின் முன்னாலும் நின்று இரண்டு விஷயம் கேளுங்கள். இது எதனால் கெடும்? கெட்டபின் சரிசெய்ய முடியுமா? முதல் கேள்வியை எல்லோரும் கேட்கிறார்கள். இரண்டாவதைப் பெரும்பாலானோர் விட்டுவிடுகிறார்கள். சில பொருட்கள் எளிதில் கெடும், ஆனால் தேய்த்து மறுபடி புதுசாக்கலாம். சில லேசில் கெடாது, கெட்டால் பலகையையே மாற்ற வேண்டியதுதான். இந்த இரண்டில் எது உங்கள் சுபாவத்துக்கு ஒத்துவரும் என்பதை வைத்துத்தான் தேர்வு செய்ய வேண்டும்.

ஒரு மேடையின் மேல் தினமும் விழுபவை என்னென்ன? புளிப்பு, எண்ணெய், கறை ஏற்றும் நிறங்கள், சூடான பாத்திரம், கத்தி, கைதவறி விழும் கனமான சாமான், அப்புறம் நாள் முழுக்கத் தண்ணீர். இத்தனையையும் முகம் சுளிக்காமல் தாங்கும் பொருள் எதுவும் இல்லை. ஒவ்வொன்றும் ஒன்றிரண்டிடம் தோற்கும்.

மார்பிளில் தொடங்குகிறேன், உங்கள் ஆசை அங்கேதான் இருக்கிறது. மார்பிள் பெரும்பாலும் கால்சைட், அதாவது கால்சியம் கார்பனேட். எலுமிச்சைச் சாறோ வினிகரோ தக்காளியோ பட்டால் அந்த இடத்தில் கல்லே கொஞ்சம் கரைந்துபோகிறது. பாலிஷ் போய், தண்ணீர் காய்ந்த தடம் மாதிரி ஒரு மங்கல் விழும். துடைத்தால் போகாது, ஏனென்றால் அது கறை இல்லை, மேல்பரப்பே அரிக்கப்பட்டிருக்கிறது. இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். "சீலர் அடித்துவிட்டால் ஒன்றும் ஆகாது" என்று கடையில் சொல்வார்கள். சாதாரண ஊடுருவும் சீலர் கல்லின் நுண்துளைகளை அடைத்து எண்ணெயும் நிறமும் உள்ளே இறங்காமல் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். மேற்பரப்பில் நடக்கும் அமில வேலையை அது தடுக்காது. கறை வேறு, அரிப்பு வேறு.

கடினத்தன்மையிலும் மார்பிள் பின்தங்கியதுதான். கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவுகோலில் கால்சைட்டுக்கு 3. சமையலறைக் கத்தியின் எஃகு அதைவிடக் கடினம். ஆகவே கீறலும் விழும்.

இவ்வளவும் சொன்னபிறகு, மார்பிள் வேண்டாம் என்று நான் சொல்லப்போவதில்லை. அதில் விழும் சேதம் திரும்பச் சரிசெய்யக்கூடியது. கல் வேலை தெரிந்த ஒருவர் தேய்த்து மறுபடி மெருகேற்றித் தருவார். பளபளப்பு இல்லாத, மட்டாக மெருகிட்ட பரப்பாக வாங்கினால் அரிப்புத் தடம் கண்ணில் படுவதும் வெகுவாகக் குறையும், ஏனென்றால் இழப்பதற்கு அங்கே பளபளப்பே இல்லை. வீட்டில் ஒரு தடத்தைப் பார்த்தால் தூக்கம் வராதவர் யாராவது இருந்தால் மட்டும் மார்பிளை விட்டுவிடுங்கள். பழகிய பொருளில் தடங்கள் இருப்பது இயல்பு என்று எடுத்துக்கொள்பவர்களுக்கு அது அருமையான கல்.

இதையொட்டி ஒரு எச்சரிக்கை. மார்பிள் மாதிரியே வெள்ளையாகச் சாம்பல் நரம்போடு இருக்கும் கற்களை "குவார்ட்சைட்" என்ற பெயரில் விற்பார்கள். உண்மையான குவார்ட்சைட் இயற்கைக் கல். கடினம் 7 அளவில் இருக்கும். எலுமிச்சை அதை ஒன்றும் செய்யாது. ஆனால் அதே பெயரில் விற்பதில் சில, டோலமைட் அல்லது மார்பிளாக இருந்துவிடுகின்றன. டோலமைட் புளிப்புக்கு மெதுவாக மசியும், மெதுவாக என்றாலும் மசியத்தான் செய்யும். பெயர்ப்பலகையை நம்பாமல் வெட்டிய துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி வீட்டில் சோதித்துவிடுங்கள். பாலிஷ் உள்ள பக்கத்தில் எலுமிச்சைச் சாறு சில துளி விட்டு, பதினைந்து நிமிடம் கழித்துத் துடைத்து, வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்துப் பாருங்கள். மங்கியிருந்தால் அது குவார்ட்சைட் இல்லை. இன்னொன்று, துண்டின் கூரான முனையால் ஒரு பழைய கண்ணாடிச் சில்லில் அழுத்தி இழுங்கள். குவார்ட்சைட் கண்ணாடியில் ஆழமாகக் கீறும்; மார்பிளோ டோலமைட்டோ கண்ணாடியைக் கீறாது, தானே மாவாக உதிரும். (குவார்ட்ஸ் வேறு, குவார்ட்சைட் வேறு. முன்னது தொழிற்சாலையில் வார்ப்பது, பின்னது மலையில் வெட்டுவது. விற்பவர்களே மாற்றிச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன்.)

கிரானைட்டுக்கு வருவோம். வீட்டார் சொல்வது பெரும்பாலும் சரி. குவார்ட்ஸ் (பலகை அல்ல, அந்தப் பெயருள்ள கனிமம்), ஃபெல்ட்ஸ்பார், மைக்கா என்ற கனிமங்களால் ஆன கல். கடினம் 6 முதல் 7. எலுமிச்சை, வினிகர் எதற்கும் அசையாது. சூடான பாத்திரத்தை மறந்துபோய் வைத்துவிட்டாலும் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. கத்தியால் கீறினால் கத்திதான் மழுங்கும். ஆனால் கடையில் "கிரானைட்" என்பது ஒரு கல்லின் பெயர் அல்ல, ஒரு குடும்பமே அந்தப் பெயரில் ஓடுகிறது. கருப்புக் கிரானைட் என்று விற்பதில் பெரும்பகுதி புவியியல்படி கிரானைட்டே இல்லை. கேப்ரோ, டோலரைட் போன்ற வேறு எரிமலைக்குழம்புப் பாறைகள். அதில் குறை ஒன்றுமில்லை. சொல்லப்போனால் அந்த நெருக்கமான கருங்கற்கள் தண்ணீரை உறிஞ்சுவது மிகக் குறைவு. வெளிர்நிறக் கிரானைட்டுகளில் பலவும் அதைவிட அதிகமாக உறிஞ்சும். வெள்ளையாக ஒரு கிரானைட் பிடித்துப்போனால் இந்தச் சோதனையைச் செய்யாமல் முன்பணம் கொடுக்காதீர்கள்: கல்லின் மேல் ஒரு ஸ்பூன் தண்ணீரை விட்டுப் பத்துப் பதினைந்து நிமிடம் காத்திருங்கள். துடைத்தபின் அந்த இடம் கருத்திருந்தால் கல் குடிக்கிறது, சீலர் தேவை. எண்ணெயையும் ஒரு துளி விட்டு ஒரு இரவு வைத்துப் பார்ப்பது இன்னும் நல்லது. நிறம் மாறவே இல்லை என்றால் அந்தக் கல்லுக்குச் சீலரே அநாவசியம். உறிஞ்சாத கல்லின் மேல் அடித்தால் அது மேலேயே காய்ந்து மூட்டமாக நிற்கும்.

சீலர் எத்தனை வருடத்துக்கு ஒருமுறை என்று கேட்பார்கள். அது கல்லையும் சீலரையும் பொறுத்தது. அதே தண்ணீர்ச் சோதனையை வருடத்துக்கு ஒருமுறை சிங்க் அருகில் செய்து பாருங்கள். கருத்தால் அடியுங்கள், இல்லாவிட்டால் விடுங்கள்.

கருப்புக் கல் வாங்குபவர்களுக்கு இன்னொரு சோதனை. சாம்பல் நிறக் கல்லுக்குச் சாயமேற்றிக் கன்னங்கரேலென்று காட்டும் வேலை நடப்பதுண்டு. கொஞ்ச நாளில் சாயம் போய்த் திட்டுத்திட்டாக வெளுக்கும். வெள்ளைத் துணியை அசிட்டோனில் (நகப்பூச்சு நீக்கப் பயன்படும் திரவம்) நனைத்துக் கல்லை அழுத்தித் தேயுங்கள். துணியில் கருப்பு ஏறினால் அந்தக் கடையை விட்டு வெளியே வந்துவிடலாம். சோதிக்க விடாத கடைக்கும் அதே வழி.

கல்லில் தெரியும் கோடுகள் எல்லாம் விரிசல் அல்ல. இயற்கையாக வந்த நரம்புகளும் பிளவுகளும் இருக்கும். நகத்தால் வருடிப் பாருங்கள். ஒரு பக்கம் மேடாகவும் மறுபக்கம் பள்ளமாகவும் தட்டினால் அது உடைப்பு. மட்டமாக ஓடினால் பெரும்பாலும் இயற்கைக் கோடு. ஆனாலும் அந்தக் கோடு சிங்க் துளையின் ஓரமாகப் போகாதபடி பலகையைத் திருப்பி வெட்டச் சொல்லுங்கள்.

கிரானைட்டில் எண்ணெய்க் கறை இறங்கிவிட்டால் பதற வேண்டாம். சமையல் சோடாவைத் தண்ணீரில் கெட்டியாகக் குழைத்துக் கறைமேல் அப்பி, பிளாஸ்டிக் தாளால் மூடி ஓரங்களை ஒட்டி, ஒருநாள் விட்டு, பிறகு தாளை எடுத்துக் காயவிட்டுச் சுரண்டுங்கள். பற்று காயும்போது எண்ணெயை வெளியே இழுக்கும். ஒரே முறையில் போகாது. திரும்பத் திரும்பச் செய்யலாம். அப்புறம், கிரானைட் கதிர்வீச்சு விடும், ரேடான் என்ற கதிரியக்க வாயு வரும் என்று யாராவது பயமுறுத்துவார்கள். கிரானைட்டில் மிகச் சிறிய அளவில் யுரேனியம் போன்றவை இருப்பது உண்மைதான். ஆனால் வீட்டுக்குள் வரும் ரேடானில் பெரும்பங்கு அடித்தளத்துக்குக் கீழே உள்ள மண்ணிலிருந்தே வருகிறது. மேடையை அதற்காக ஒதுக்க வேண்டியதில்லை.

இனி குவார்ட்ஸ். "பராமரிப்பே வேண்டாம்" என்பது முக்கால்வாசி உண்மை, அந்தக் கால்வாசியைத்தான் கடையில் சொல்வதில்லை. இது அரைத்த குவார்ட்ஸ் கனிமத்தைப் பிசினோடு கலந்து, வெற்றிடத்தில் அதிரவைத்து அழுத்தி வார்ப்பது. இந்தத் தொழில்நுட்பத்தைப் பரப்பியது இத்தாலியின் பிரெட்டன் நிறுவனம். "93 சதவீதம் கல்" என்று விளம்பரத்தில் போடுவது எடைக் கணக்கு. பிசின் எடை குறைந்தது, ஆகவே இடக் கணக்கில் பார்த்தால் அதன் பங்கு ஏறத்தாழ இரண்டு மடங்காகும். நீங்கள் தொடுவது கல்லும் பிளாஸ்டிக்கும் கலந்த பொருள் என்று மனதில் வைத்துக்கொண்டால் அதன் குணம் எல்லாம் தானாகப் புரியும். துளையில்லை, அதனால் கறை இறங்காது, சீலர் வேண்டாம், எலுமிச்சைக்கு அசையாது. பிசினுக்கு எது ஆகாதோ அதெல்லாம் இதற்கும் ஆகாது. முதலாவது சூடு. சுமார் 150 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் பிசின் பழுப்பேறலாம், பலகை விரிசல் விடலாம். அடுப்பிலிருந்து நேராக இறக்கும் வாணலியின் அடிப்பாகம் 200 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டியிருக்கும். இரண்டாவது வெயில். ஜன்னலோரம் நேரடி வெயில் படும் மேடையில், குறிப்பாக வெள்ளைப் பலகையில், சில வருடங்களில் மஞ்சள் ஏறும். வெளியில் போடும் சமையல் மேடைக்கு இது கூடவே கூடாது. மூன்றாவது, அடைப்பு நீக்கும் காரமான ரசாயனங்கள், பெயின்ட் நீக்கும் திரவங்கள், செறிவான பிளீச்.

சூட்டால் விழுந்த வட்டத் தடத்தை எந்தக் கைதேர்ந்தவராலும் முழுசாக எடுக்க முடியாது. பரப்பைத் தேய்த்தால் அந்த இடம் மட்டும் வேறு பளபளப்பில் தனியாகத் தெரியும். எனவே, சூடான பாத்திரத்தைப் பிரிமணையில் வைக்கும் பழக்கம் வீட்டில் எல்லோருக்கும் இருக்கிறதா என்பதுதான் குவார்ட்ஸுக்கான கேள்வி. இருந்தால் தாராளமாகப் போடுங்கள். தினசரி உபயோகத்துக்கு இவ்வளவு சுலபமான பரப்பு குறைவு. பண்டிகை நாளில் வந்திருக்கும் உறவினர்கள் சமையலறைக்குள் புகுந்தாலும் அந்தப் பழக்கம் நிற்குமா என்றும் யோசித்துவிடுங்கள்.

குவார்ட்ஸைப் பற்றி இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. பலகை வீட்டில் இருப்பதால் யாருக்கும் ஆபத்தில்லை. ஆபத்து அதை அறுப்பவருக்கு. பலகையின் எடையில் 90 சதவீதத்துக்கும் மேலாகக்கூடப் படிக சிலிக்கா (குவார்ட்ஸ் கனிமமே அதுதான்) இருப்பதால், உலர்வாக அறுக்கும்போது கிளம்பும் நுண்தூசி நுரையீரலுக்குள் போய்ச் சிலிக்கோசிஸ் என்னும் ஆறாத நோயைக் கொண்டுவருகிறது. இளம் தொழிலாளர்களே பாதிக்கப்பட்டதைப் பார்த்து, ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் இந்த வகைப் பலகையைத் தயாரிப்பதையும் விற்பதையும் பதிப்பதையும் தடைசெய்தது. அப்படிச் செய்த முதல் நாடு அதுதான். சிலிக்கா குறைத்த பலகைகளும் சந்தைக்கு வந்திருக்கின்றன. கிரானைட்டிலும் சிலிக்கா உண்டு, ஆனால் அளவு வெகுவாகக் குறைவு. நீங்கள் எந்தக் கல்லை வாங்கினாலும் சரி, அறுப்பது பட்டறையில், தண்ணீர் பாய்ச்சி நடக்கட்டும். வீட்டுக்கு வந்து கிரைண்டரை வைத்து உலர்வாக அறுக்க ஆரம்பித்தால் தடுத்து நிறுத்துங்கள். அவருக்காகவும், அந்தத் தூசி படியும் உங்கள் வீட்டுக்காகவும்.

மூன்றையும் தாண்டிப் பார்க்க வேண்டியதில் முதலாவது சின்டர்டு ஸ்டோன் என்றும் பெரிய பலகைப் போர்சலின் என்றும் விற்பது. கனிமத் தூளை அழுத்திச் சுமார் 1200 டிகிரியில் சுட்டு எடுக்கிறார்கள். ஸ்பெயினின் கோசென்டினோ நிறுவனம் 2013ல் கொண்டுவந்த டெக்டன் இந்த வகைதான். பிசின் இல்லாததால் சூடு, வெயில், புளிப்பு, கறை எல்லாவற்றையும் தாங்கும். படிக்கும்போது இதுவே முடிவான பதில் என்று தோன்றும். பலவீனம் மோதலில் இருக்கிறது, அதுவும் விளிம்பில் படும் அடியில். கனமான இரும்புப் பாத்திரம் ஓரத்தில் மோதினால் சில்லு பெயரும். பல பலகைகளில் நரம்பு வடிவம் மேற்பரப்பில் மட்டுமே அச்சிடப்பட்டிருப்பதால், பெயர்ந்த இடத்தில் வேறு நிறம் பல்லைக் காட்டும். 45 டிகிரியில் சாய்த்து ஒட்டி, தடியான கல் மாதிரிக் காட்டும் விளிம்பு பார்க்க அழகு, அடிக்கு மிகவும் பலவீனம். அறுக்கும்போதே உடையும் பொருள் என்பதால், இதில் அனுபவம் உள்ளவர் உங்கள் ஊரில் கிடைத்தால் மட்டும் இதைத் தொடுங்கள். கிரானைட் அறுப்பவரிடம் "இதுவும் கல்தானே" என்று கொடுத்துவிடக் கூடாது.

அக்ரிலிக் சாலிட் சர்ஃபேஸ் என்ற வகைக்கு இருக்கும் மரியாதை இப்போது குறைந்துவிட்டது, எனக்கு அதில் வருத்தம் உண்டு. டூபாண்ட் நிறுவனத்தில் 1967ல் உருவான கோரியன் இதில் பழையது. அக்ரிலிக் பிசினும் அலுமினிய ஹைட்ராக்சைடு தூளும் சேர்ந்தது. சூட்டில் குவார்ட்ஸைவிட மோசம், கீறலும் சுலபமாக விழும். ஆனால் மேலிருந்து கீழ்வரை ஒரே நிறம், ஒரே பொருள். உப்புத்தாள் வைத்துத் தேய்த்தால் கீறல் போய்விடும். ஆழமான காயத்தை வெட்டியெடுத்து அதே பொருளை ஒட்டி, தேய்த்து, தெரியாமல் செய்துவிடலாம். சிங்க்கையும் மேடையையும் இணைப்புத் தெரியாமல் ஒரே வார்ப்பு போல அமைக்கவும் முடியும். அழுக்குத் தங்கும் இடுக்கே இருக்காது. கெடும், ஆனால் மீட்டுவிடலாம் என்று முதலில் சொன்னேனே, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

மரப்பலகை அதே ரகம். தேய்த்து எண்ணெய் பூசினால் மறுபடி புதுசு. காயாமல் பிசுக்கேறும் சமையல் எண்ணெய் வேண்டாம். உணவுக்கு உகந்த மினரல் ஆயில் பூசுங்கள். சிங்க் பக்கத்தில் மட்டும் மரம் வைக்காதீர்கள். எப்போதும் ஈரமாக இருந்தால் கருக்கும், உளுக்கும். மரம் பருவத்துக்கேற்ப அகலவாட்டில் விரிந்து சுருங்கும் என்பதால், கீழே இருந்து திருகும் துளைகள் நீள்துளைகளாக இருக்க வேண்டும். இறுக்கித் திருகினால் பிளந்துவிடும்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் உணவகச் சமையலறைகளில் இருப்பதற்குக் காரணம் உண்டு: சூடு, புளிப்பு, கறை, ஈரம் எதுவும் அதை ஒன்றும் செய்யாது. 304 ரகம் கேளுங்கள், 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் உள்ளது. உப்புக்காற்று வீசும் கடலோரம் என்றால் 316. அடியில் நீர் தாங்கும் பிளைவுட் ஒட்டாவிட்டால் டம்டம்மென்று ஒலிக்கும். முதல் மாதம் விழும் கீறல்கள் மனதை வாட்டும், பிறகு கீறல்களெல்லாம் கலந்து ஒரே மங்கலான மெருகாகிவிடும். பிளீச்சை மட்டும் அதில் ஊறவிடாதீர்கள், குளோரின் புள்ளிப்புள்ளியாக அரிக்கும். சோப்ஸ்டோன் எனப்படும் மாக்கல் கிடைத்தால் அதையும் பாருங்கள். மென்மையான கல், கீறும், ஆனால் அமிலத்துக்கும் சூட்டுக்கும் அசையாததால் ஆய்வுக்கூட மேசைகளுக்கே அதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். கீறலை உப்புத்தாளில் தேய்த்தால் போயிற்று.

பலகைமேல் மெல்லிய தாள் ஒட்டிய லேமினேட் செலவு குறைந்தது, இன்று பார்க்கவும் நன்றாக இருக்கிறது. அது கெடுவது மேலே இருந்து அல்ல, இணைப்பு வழியாக. சிங்க் ஓரத்திலோ ஜாயிண்டிலோ தண்ணீர் இறங்கினால் உள்ளே இருக்கும் பலகை ஊதிப்போகும், ஊதியது வற்றாது. கட் செய்த ஒவ்வொரு விளிம்பையும் பொருத்துவதற்கு முன்பே நீர்புகாதபடி அடைக்கச் சொல்ல வேண்டும். வாடகை வீட்டுக்கும், சில வருடம் கழித்து மாற்றப்போகும் வீட்டுக்கும் இதில் தப்பே இல்லை. கான்கிரீட் மேடையைப் பொறுத்தவரை, மயிரிழை விரிசல் வரும், புளிப்புக்கு மசியும். அந்தத் தோற்றம் பிடித்தவர்களுக்கு மட்டும்.

கல்லைத் தேர்ந்தெடுப்பதில் மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்பவர்கள், பதிப்பதை ஒரே நாளில் யாரோ ஒருவர் கையில் விட்டுவிடுகிறார்கள். மேடைகள் கெடுவதைப் பார்த்தால் நடுப்பலகை கெட்டது அபூர்வம். சிங்க் துளையின் முன்னும் பின்னும் மிஞ்சும் அந்த ஒல்லிப் பட்டை, அடுப்புக்காக வெட்டிய சதுரத்தின் மூலை, இணைப்பு, தாங்கல் இல்லாமல் நீட்டிக்கொண்டிருக்கும் ஓரம், இங்கேதான் விரிசல் தொடங்கும்.

வெட்டுத் துளைகளின் உள்மூலை செங்கோணமாக இருக்கவே கூடாது. அழுத்தம் எல்லாம் அந்த முனையில் குவிந்து அங்கிருந்து கோடு ஓடும். சிறிதாவது வளைத்து வெட்டச் சொல்லுங்கள். கல்லின் கனம் பொதுவாக 20 அல்லது 30 மி.மீ. கிரானைட்டின் எடை, 20 மி.மீ. கனத்தில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 54 கிலோ. மூன்று மீட்டர் நீளம், 60 செ.மீ. அகலம் என்றால் ஏறக்குறைய நூறு கிலோ, 30 மி.மீ. என்றால் நூற்றைம்பதை நெருங்கும். அலமாரியின் மேல் உட்காரப்போவது அதுதான், ஆகவே அலமாரிகள் மட்டமாக, சுவரோடு பிடிக்கப்பட்டிருக்க வேண்டும். ஒரு பக்கம் கொஞ்சம் தாழ்ந்திருந்தால் கல் வளைந்துகொடுக்காது, உடையும். உட்கார்ந்து சாப்பிட ஓரத்தை நீட்டுவதானால், 20 மி.மீ. கல்லை 15 செ.மீ.க்கு மேலும் 30 மி.மீ. கல்லை 25 செ.மீ.க்கு மேலும் தாங்கல் இல்லாமல் விடாதீர்கள். யாராவது அதன்மேல் ஏறி உட்காருவார்கள் என்று வைத்துக்கொண்டே கணக்குப் போடுங்கள்.

சிங்க்கைக் கல்லுக்கு அடியில் பொருத்துவது துடைக்க வசதி; மேலே இருக்கும் தண்ணீரை அப்படியே உள்ளே தள்ளிவிடலாம். ஆனால் வெறும் பசையை நம்பிக் கல்லில் தொங்கவிடக் கூடாது. தண்ணீர் நிரம்பி, பாத்திரமும் குவிந்தால் கனம் கூடும். அடியில் சட்டமோ கிளிப்போ இருக்க வேண்டும். இணைப்பைச் சிங்க்குக்கு மேலாகக் கொண்டுவர வேண்டாம் என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள். மேடையும் சுவரும் சேரும் கோட்டில் சிமென்ட் பூச்சு பிளந்துகொள்ளும், ஏனென்றால் இரண்டும் தனித்தனியாக அசைகின்றன. அங்கே பூஞ்சை பிடிக்காத சிலிகான்தான் சரி. முன்விளிம்பின் அடியில் நீளவாட்டில் ஒரு சின்னப் பள்ளம் கீறச் சொல்லுங்கள். வழியும் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும், அலமாரிக் கதவில் இறங்காது. விளிம்பு கூராக இருந்தால் சில்லு போகும், கையையும் கிழிக்கும். இரண்டு மூன்று மி.மீ. மழுக்கினாலே போதும். அலங்கார வளைவுகளில் அழுக்குத்தான் சேரும், அதற்குக் காசும் தனி.

உயரம். எல்லோருக்கும் ஒரே உயரம் என்று வைத்துவிடுவார்கள். அதிகம் சமைப்பவர் நின்று முழங்கையை மடக்கட்டும், அங்கிருந்து 10 முதல் 15 செ.மீ. கீழே இருப்பது நறுக்குவதற்கு ஏற்ற உயரம். அடுப்பு இருக்கும் பகுதி அதைவிடச் சற்றுத் தாழ்ந்தால் நல்லது, பாத்திரத்தின் உயரம் சேர்வதால். சிங்க் பகுதி சற்று உயர்ந்தால் நல்லது, கை உள்ளே குனிந்து போவதால். எல்லாவற்றையும் மாற்ற முடியாவிட்டால் நறுக்கும் இடத்தின் அளவையாவது சரியாக வையுங்கள்; முதுகுவலி கல்லின் நிறத்தைப் பார்த்து வருவதில்லை.

நிறம் உங்கள் இஷ்டம். ஒன்றை மட்டும் சொல்கிறேன்: பளபளக்கும் கருப்பில் தண்ணீர்த் தடமும் தூசியும் விரல்ரேகையும் பளிச்சென்று தெரியும், உப்புத்தண்ணீர் வரும் வீட்டில் இன்னும் மோசம். நடுத்தர நிறமும் கொஞ்சம் புள்ளியும் உள்ள கல் அன்றாட அழுக்கை மறைத்துக்கொடுக்கும். மஞ்சளும் காபியும் தினமும் புழங்கும் மேடைக்கு உறிஞ்சும் வெள்ளைக் கல் வேண்டாம். சின்னத் துண்டைப் பார்த்து முடிவு செய்யாமல் முழுப்பலகையைப் பார்த்து, அதன் எண்ணைக் குறித்துவைத்து, அதிலிருந்தே வெட்டச் சொல்லுங்கள். இயற்கைக் கல்லில் அடுத்த பலகை வேறு கல் மாதிரியே இருக்கும்.

சரி, உங்கள் வீட்டுக்கு நான் என்ன சொல்வேன்? மேடை முழுக்க ஒரே பொருளாக இருக்க வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை. அடுப்பும் சிங்க்கும் இருக்கும் ஓட்டத்துக்கு நெருக்கமான கிரானைட் அல்லது சோதித்து வாங்கிய குவார்ட்சைட். மார்பிள் ஆசைக்கு, தண்ணீரும் புளிப்பும் அதிகம் போகாத தனி மேடையோ மேசையோ இருந்தால் அங்கே மட்டாக மெருகிட்ட மார்பிள். குளிர்ச்சியாக இருப்பதால் மாவு பிசைய அதைவிட நல்ல பரப்பு கிடையாது. தனி மேடைக்கு இடமில்லை என்றால், வெயில் நேராகப் படாத சமையலறையாக இருக்கும்பட்சத்தில், வெள்ளை குவார்ட்ஸ் போட்டு அடுப்பின் இருபக்கமும் நிரந்தரமாகப் பிரிமணைகளை வைத்துவிடுங்கள்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் சிங்க்கையும் அடுப்பையும் முதலில் வாங்கி வீட்டில் கொண்டுவந்து வைத்துவிட்டு, அலமாரிகள் பொருத்தி முடிந்தபிறகுதான் அளவெடுக்க ஆளைக் கூப்பிடுங்கள். பெட்டியில் அச்சிட்டிருக்கும் அளவை நம்பி வெட்டிய துளையை மறுபடி அடைக்க முடியாது. சிங்க் துளைக்காக வெட்டியெடுக்கும் துண்டு உங்களுடையது, கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பின்னாளில் புதுச் சீலரையோ புதுத் துப்புரவுத் திரவத்தையோ முதலில் அதன்மேல் சோதித்துப் பார்க்க உதவும்.